ஆகாதவர்தான் முதலில் போக வேண்டும்

எங்கள் உதவிக் குழுவுக்குத் தலைவர் கிடையாது, ரப்பர் ஸ்டாம்ப் கிடையாது. விதி மட்டும் ஒன்று உண்டு. ஒரு வீட்டில் தீப்பிடித்தாலும் சரி, தண்ணீர் புகுந்தாலும் சரி, அந்த வீட்டோடு ஆகாதவர்தான் முதலில் போய் விசாரிக்க வேண்டும். கேட்பவர்கள் எல்லாம் சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும், எனக்கென்ன!

அந்த விதிக்கே போன வாரம் சோதனை வந்தது. விதி பிறக்கக் காரணமான சைரன் அக்காவின் வீட்டில் பட்டப்பகலில் திருடன் நுழைந்துவிட்டான். அவள் குளித்துக்கொண்டிருக்கும்போதே பீரோவைக் குடைந்துவிட்டுப் போயிருக்கிறான். அவள் இங்கே கூப்பிட்டால் அடுத்த தெருவில் திரும்பிப் பார்ப்பார்கள், அப்படி ஒரு தொண்டை. பெயரும் அதனால்தான் வந்தது. அந்தத் தொண்டை இப்போது அடங்கிக் கிடந்தது. யார் போய்க் கேட்டாலும், "எனக்கு ஒரு குறையும் இல்லப்பா" என்று கதவைச் சாத்துகிறாளாம். வீட்டைக் காலி செய்துவிட்டு வெளியூரில் இருக்கும் மகனிடம் போகப்போகிறாள் என்று பேச்சு. அங்கே அவளுக்கும் மருமகளுக்கும் அரைநாள் கூட ஒத்துப்போகாது என்பது ஊரறிந்த விஷயம்.

என் தையல் கடையில் எல்லோரும் கூடினோம்.

"விதிப்படி அவங்களுக்கு ஆகாதவங்க யாரு?" என்றார் கண்ணாடிக் கடைக்காரர்.

யாரைச் சொல்வது? எல்லோருக்கும் அவள் வேண்டியவள்.

"முன்னாடி ஆகாம இருந்தவங்க ஒருத்தர் இருக்காங்களே" என்று எலக்ட்ரீசியன் என்னைப் பார்த்தார். நக்கலைப் பார்!

அவர் சொன்னது எங்கள் வீடு தீப்பிடித்த காலத்துக் கதை. மத்தியான நேரம், ஒயர் கருகிப் பற்றிக்கொண்டது. நானும் என் வீட்டுக்காரரும் கட்டிய துணியோடு தெருவில் நின்றோம். தெருவே ஓடி வந்தது. வந்தவர்கள் ஆளுக்கொரு போர்வையைக் கொண்டுவந்தார்கள். "வேற என்ன வேணும்? கூச்சப்படாம சொல்லுங்க" என்று கேட்கவும் செய்தார்கள். நான் பல்லை இளித்துக்கொண்டு, "எல்லாம் இருக்குங்க" என்றேன். என்ன இருந்தது, சாம்பல்தான் இருந்தது! முகம் கோணாமல் பழகியவர்களிடம் எப்படிக் கேட்பது? உடனே இன்னும் நாலு போர்வை வந்தது. மண்டையைப் பிளக்கிற வெயில் வேறு.

அப்போதுதான் பக்கத்து வீட்டு மாடியிலிருந்து சைரன் இறங்கி வந்தாள். அவள் காயப்போடும் துணி என் வாசலில் சொட்டுவதால் எங்களுக்குள் வருஷக்கணக்காகப் பேச்சு கிடையாது, ஏச்சு மட்டும்தான்.

"ஏன் இப்படிப் பச்சைப் பொய் சொல்றே? இத்தனை போர்வையை வச்சுக் கடையா போடப்போறே?" என்றாள்.

எனக்கு எங்கிருந்துதான் ஆத்திரம் வந்ததோ! "உனக்கென்ன வந்துச்சு? எம் புருஷன் கண்ணாடி கருகிப்போச்சு. அது இல்லாம பக்கத்துல நிக்கிற என்னையே அவருக்கு அடையாளம் தெரியாது. காலையில ஸ்கூல் வேன் ஓட்டணும், போகலேன்னா வேற ஆளைப் போட்டுருவாங்க. எனக்கு மாத்து உள்பாவாடை கூட இல்ல. போதுமா? சந்தோஷமா?"

அத்தனை பேர் முன்னால் என் மானம் கப்பலேறியது. சைரன் கூட்டத்தைப் பார்த்துத் திரும்பினாள். "கண்ணாடிக்காரரே, போய்க் கடையைத் திறங்க! மத்தவங்க போர்வையை எடுத்துக்கிட்டு நடையைக் கட்டுங்க!"

உள்பாவாடையை அவளே எடுத்து வந்தாள். அதற்குள் என்னைப் போல இரண்டு பேர் நுழையலாம். மறுநாள் என் வீட்டுக்காரர் வேன் ஓட்டினார். "வேண்டியவங்ககிட்ட பல்லைக் காட்டுவே, என்கிட்டதான் உள்ளதைக் கக்குவே" என்று பிற்பாடு சொல்லிச் சொல்லிச் சிரிப்பாள். கொஞ்ச நாளில் பின்தெருவில் ஒரு வீட்டுக்குள் தண்ணீர் புகுந்தது. அந்த வீட்டுக்காரரோடு கோர்ட்டு வரை போன அவருடைய மச்சானைத் தேடிப் பிடித்து அனுப்பினோம். வாசலில் ஒரே ரகளை. ஆனால் என்னென்ன வேண்டும் என்பது தெளிவாகத் தெரிந்துவிட்டது. குழு அப்படித்தான் ஆரம்பித்தது.

இப்போது எலக்ட்ரீசியன் அதைச் சொல்லிக் காட்டியதும், சரி என்று நானே அக்கா வீட்டுப் படியேறிப் போய்த் தட்டினேன். யார் யார் என்று பலமுறை கேட்டுவிட்டுத்தான் அக்கா கதவைத் திறந்தாள். கண்ணுக்குக் கீழே கறுத்துக் கிடந்தது. கூடம் முழுக்கப் பாதி கட்டிய அட்டைப்பெட்டிகள்.

"என்னக்கா செய்யணும், சொல்லு."

"ஒண்ணும் வேணாம்டி. நல்லாத்தான் இருக்கேன்" என்று சிரித்தாள்.

அன்றைக்குப் போர்வையோடு வந்தவர்களிடம் நான் இளித்த அதே சிரிப்பு. நான்தான் அவளுக்கு வேண்டியவளாகித் தொலைத்துவிட்டேனே, என்னிடம் எப்படிச் சொல்வாள்? இவள் போய்விட்டால் இந்தத் தெருவில் நான் யாரோடு மல்லுக்கட்டுவது? வேறு வழியில்லை. இடுப்பில் கையை வைத்துக்கொண்டேன்.

"நல்லாத்தான் இருப்பே! ஊருக்கெல்லாம் வாய் கிழியப் பேசுறது, ஒரு திருட்டுப்பய வந்துட்டுப் போனா மூட்டை கட்டுறது. போ, போய் மருமக கால்ல விழுந்து கிட. பயந்தாங்கொள்ளி!"

அவள் முகம் சிவந்தது.

"யாரைப் பாத்துடி பயந்தாங்கொள்ளிங்கறே? கதவுக்கு அந்தப் பக்கம் அவன் நடக்கறது எனக்குக் கேட்டுச்சு. கத்தணும்னு வாயைத் திறக்கறேன், சத்தம் வரல. எனக்குடி! எனக்குச் சத்தம் வரல! அன்னையிலேருந்து கண்ணை மூடினா அந்தக் காலடிதான் கேக்குது. பொட்டுத் தூக்கம் இல்ல. ஆமா, பயந்துதான் சாகறேன். இப்ப என்னாங்கறே?"

ஜன்னலுக்குக் கீழே காத்திருந்த எங்கள் ஆட்களுக்கு அது தெளிவாகக் கேட்டிருக்கும். "கதவுக்குப் பூட்டும் அலார மணியும் நான் பாத்துக்கறேன்" என்று எலக்ட்ரீசியனின் குரல் வந்தது.

நான் கதவைத் தாழிட்டுவிட்டு வந்து கட்டிலில் உட்கார்ந்தேன்.

"படுக்கா. நான் முழிச்சிருக்கேன்."

"வாய்க்கு வந்தபடி திட்டிட்டு, இப்ப அக்காவாம்" என்று முணுமுணுத்துக்கொண்டே என் மடியில் தலையை வைத்தாள். கொஞ்ச நேரத்தில் வாயைப் பிளந்துகொண்டு தூங்கிவிட்டாள். எனக்கு இரண்டு காலும் மரத்துப்போய்விட்டன. பொழுது சாயும்வரை நான் அசையவே இல்லை.