பொலித்தீனுக்குள் பொங்கிய பால்

1

இந்தக் கதை பிறந்தது, பெரியபிள்ளையான ஒருத்தியின் சாமத்தியவீட்டுச் சாப்பாட்டுப் பந்தியில். எனக்கு எதிரே இருந்தவர் வடையைப் பிய்த்தபடி, "விக்னராஜா வீட்டுக்கு வெள்ளை உடுப்புப் பொலிஸ் வந்து சீல் வைச்சதாம்" என்றார். "பொலிஸ் இல்லை, தொத்து வருத்தமாம்" என்று பக்கத்திலிருந்தவர் திருத்தினார். இத்தாலியின் பலெர்மோ நகரில் எங்கள் சனத்துக்குச் செய்தித்தாள் தேவைப்படாததற்குக் காரணம் இதுதான்.

விக்னராஜா எனக்கு ஒன்றுவிட்ட அண்ணர். எங்கள் குடும்பத்தில் பொலிஸ் மிதித்த வாசல் ஒன்றும் இல்லை. பாயசத்துக்கும் காத்திராமல் எழுந்து வந்து, குடும்பத்தின் பெயரைத் துடைக்க எழுத உட்கார்ந்தேன். வந்தது பொலிஸ் அல்ல. பழைய வீடுகளில் ஈயம் கலந்த பெயின்றைப் பாதுகாப்பாக அகற்ற அனுமதி பெற்ற கொம்பனி. இந்த ஒரு வரியோடு கதையை முடித்திருக்கலாம். முடித்திருக்க வேண்டும்.

2

முதல் தொடக்கம்: "பல்லரோச் சந்தைக்குப் பின்னால், மீன் மணம் வீசும் ஒரு பழைய மாடியில்—"

(வேண்டாம். சீதன வீட்டைப் பற்றி எழுதும்போது மீன் மணம் எதற்கு?)

இரண்டாம் தொடக்கம்: "எவர் முன்னும் குனிந்தறியாத விக்னராஜா—"

(பணக்கார லிபெர்த்தா வீதியில் சிஞ்ஞோராக்களின், அதாவது இத்தாலிய வீட்டுக்கார அம்மாக்களின், நிலத்தை அரை ஆயுள் துடைத்தவர். சிரிப்பார்கள்.)

மூன்றாவது, வேறு வழியில்லாமல், நடந்ததே. விக்னராஜா அந்தப் பழைய வீட்டை வாங்கி, மகள் சிவானுஜாவுக்குச் சீதனமாக எழுதிக் கொடுத்தார். மகள், மருமகன், மனைவி இராசேஸ்வரி எல்லோரும் அவரோடு அங்கேயே இருந்தார்கள். பேத்தி கேசிகா எழுந்து நிற்கப் பழகியது யன்னல் கட்டையைப் பிடித்து. பல் முளைத்ததும் அதைத்தான் கடித்தாள். இரத்தம் சோதித்த டொக்டர், பழைய பெயின்றிலிருந்த ஈயம் பிள்ளையின் உடலில் ஏறியிருக்கிறது, மூளை வளர்கிற வயதில் இது விளையாட்டல்ல என்றார். அன்றே சிவானுஜா பிள்ளையைத் தூக்கிக்கொண்டு பகேரியாவில் இருக்கும் மாமனார் வீட்டுக்குப் போய்விட்டாள்.

"ஈயம் பூசின சட்டியிலை சமைச்சுச் சாப்பிட்டுத்தான் நாங்கள் வளர்ந்தனாங்கள்" என்றார் விக்னராஜா, போனில்.*

"அப்பா, அனுமதி உள்ள ஆக்கள் வந்து துப்புரவாக்கி, பேந்து தூசியைச் சோதிச்சு ஓமெண்டு சொன்னால்தான் நான் பிள்ளையோடை வருவன்."

"உமாசுதன் இருக்கிறான். குடும்பத்துக்குள்ளையே பெயின்ரரை வைச்சுக்கொண்டு—"

"மச்சான் சுரண்டினால் தூசு முழு வீட்டுக்கும் பறக்கும். இவள் தவழுறாள் அப்பா."

"உங்கடை மாமா வீட்டு யன்னலிலை மட்டும் ஈயம் இல்லையோ?"

"அது புது வீடு."

ஈயத்தைவிட இந்த வார்த்தைதான் விக்னராஜாவின் இரத்தத்தில் ஏறியது. தான் கொடுத்த சீதனத்தில் நஞ்சு. அதைச் சம்பந்தி இராஜதுரை இன்னும் வாய்விட்டுச் சொல்லவில்லை. சொல்லாமல் இருப்பதுதான் பெரிய சொல்.

* அது வெள்ளீயம், வேறு உலோகம். அண்ணருக்குச் சொன்னேன். "எல்லாம் ஒரு சாதிதான்" என்றார்.

3

உமாசுதன் விக்னராஜாவின் தமக்கை மகன். தூரிகையோடு வந்துவிட்டவன், மாமா கடைசியில் அனுமதி உள்ள கொம்பனிக்கே ஒத்துக்கொண்ட செய்தி கேட்டு வாசலிலேயே நின்றான்.

"லைசென்சோ மாமா? எனக்குப் பொம்பிளை தரேக்கை ஆரும் லைசென்ஸ் கேட்டவையோ?"

"கேட்டிருக்க வேணும்" என்றார் உள்ளிருந்து இராசேஸ்வரி.

கொம்பனி நடத்துபவர் நுன்சியா என்ற சிஞ்ஞோரா. (அவர் பேசியது பலெர்மோ இத்தாலியன். நான் எங்கள் தமிழில் எழுதுகிறேன்; விக்னராஜாவுக்குள் அப்படித்தான் கேட்டிருக்கும்.) விக்னராஜா அவரைக் கதிரையில் இருத்தி, மாப்பிள்ளை வீட்டாரை விசாரிப்பதுபோல விசாரித்தார். அனுமதிப் பத்திரத்தை வாங்கி, எட்டப் பிடித்து, முத்திரையை மட்டும் பார்த்தார்.

"தகப்பன் என்ன தொழில்?"

"பேக்கரியிலை பாண் சுட்டவர். யன்னலைப் பாப்பமோ?"

கேட்க வேண்டியதைக் கேட்டவர் இராசேஸ்வரி: தூசு அடுத்த அறைக்குப் போகாமல் என்ன செய்வீர்கள், காய்ந்தபடி சுரண்டுவீர்களா நனைத்தா, வேலை முடிந்தபின் சோதிப்பது நீங்களா வேறு ஆளா? நுன்சியா அதற்குப் பிறகு அவரைப் பார்த்தே பேசினார். (இந்த இடத்தை வெட்டும்படி அண்ணர் சொன்னார். வெட்டுவதாகச் சொல்லியிருக்கிறேன்.)

4

வேலை தொடங்கியது. விக்னராஜாவும் மனைவியும் உமாசுதன் வீட்டில் தங்கினார்கள். கொம்பனிக்காரர் கதவுகளுக்குப் பொலித்தீன் திரை ஒட்டினார்கள்; வெள்ளை உடுப்பும் முகமூடியும் போட்ட ஆட்கள் உள்ளே போனார்கள்; வாசலில் "அபாயம், ஈயம், உள்ளே வராதீர்கள்" என்று பலகை தொங்கியது. சந்தைக்குப் போகிற வருகிற தமிழ்ச் சனம் எல்லாம் வாசித்தது. விக்னராஜா பலகையின்மேல் ஒரு பிளாஸ்ரிக் மாவிலைத் தோரணத்தைக் கட்டினார். அபாயம் மறைந்தது, வாசல் கலியாண வீடாயிற்று.

அப்போதுதான் அவருக்கு அந்த எண்ணம் வந்தது. வீடு வாங்கிய அவசரத்தில் பால் காய்ச்சாமல் குடிபுகுந்தார்கள். வந்த வினை எல்லாம் அதனால்தான். பஞ்சாங்கத்தில் நல்ல நேரம் ஞாயிற்றுக்கிழமை காலை. வேலையாட்கள் வராத நாள். மறுநாள் திங்கள் மத்தியானம் சிவானுஜாவும் சம்பந்தி வீட்டாரும் வந்து வேலை எப்படிப் போகிறதென்று வாசலில் நின்று பார்ப்பதாக ஏற்பாடு. அதற்கு முன் பால் பொங்கிய படம் அவர்கள் போனுக்குப் போய்ச் சேர வேண்டும்.

"மாமா, பொலித்தீன் ஒட்டிக் கிடக்கே?"

"சாமி காரியத்துக்குப் பொலித்தீன் ஒரு மறிப்போடா? வெட்டு."

உமாசுதன் கத்தரிக்கோலால் வெட்டினான், பெயின்ரரின் பழைய வன்மத்தோடு. குசினி அடுப்பில் பால் பொங்கியது. கற்பூரப் புகையில் படம் தெளிவில்லை என்று யன்னலைத் திறந்தார்கள். தென்காற்று உள்ளே வந்து, சுரண்டி முடியாத அறையின் தூசை அள்ளி வீடெல்லாம் பரப்பியது. படம் நன்றாக வந்தது.

(இந்த இடத்தில் "விதி" என்று ஒரு சொல் எழுதி அடித்தேன். விதிக்குக் கத்தரிக்கோல் கிடையாது.)

5

திங்கள் காலை, கொம்பனி வருமுன்னே விக்னராஜா தனியாகப் போய், தடயம் தெரியாமலிருக்கத் தும்புத்தடியால் காய்ந்தபடி கூட்டிப் பெருக்கினார். வெள்ளைச் சேட்டு சாம்பல் நிறமானது. நுன்சியா வந்து திரையைப் பார்த்தார்; அடுப்பில் தீய்ந்த பாலைப் பார்த்தார்; தும்புத்தடியைப் பார்த்தார்.

"ஆர் வெட்டினது?"

"அது எங்கடை சமய முறை."

"உங்கடை சமயத்திலை பிள்ளையளுக்கு ஈயம் தீத்துறதும் முறையோ?"

விக்னராஜாவோடு இதுவரை அப்படி ஒருவரும் கதைத்ததில்லை. நுன்சியா அதோடு நிறுத்தவில்லை: "எல்லா அறையும் திரும்ப நனைச்சுத் துடைக்க வேணும். சோதனை முடியுமட்டும் ஒருத்தரும் வரக்கூடாது. நீங்கள் இந்த உடுப்போடை பிள்ளையைத் தொடாதேங்கோ. முழுகி, உடுப்பு மாத்தித்தான் கிட்டப் போகலாம்."

மத்தியானம் பகேரியாவிலிருந்து புறப்படவிருந்தவர்களை நிறுத்தியாக வேண்டும்.

"அவையளுக்கும் போனிலையே சொல்லுங்கோ" என்றார் இராசேஸ்வரி, உமாசுதன் வீட்டிலிருந்து போனில்.

"சம்பந்தி வீட்டுக்கு இப்பிடி ஒண்டைப் போனிலை சொல்லுறதோ? நேரை போறன்."

மாற்று உடுப்பு உமாசுதன் வீட்டில், நகரத்தின் மறுகோடியில். பகேரியா ரயிலோ புறப்படப்போகிறது. முறை தவறாத விக்னராஜா அப்படியே ஏறினார். வழியெல்லாம் ஒரு வசனத்தைத் திருத்தித் திருத்திச் செதுக்கினார்: "கொம்பனிக்காரர் சொன்ன தவணைக்கு முடிக்கேல்லை." எழுதுகிறவன் என்ற முறையில் சொல்கிறேன், நல்ல வசனம். அதில் பால் இல்லை, கத்தரிக்கோல் இல்லை, நாங்களும் இல்லை.

6

முடிவுகள்.

(அ) அவர் அந்த வசனத்தைச் சொல்கிறார். சம்பந்தி, "இத்தாலிக்காரர் உப்பிடித்தான்" என்கிறார். தேத்தண்ணி வருகிறது. குடும்பத்துக்குப் பிடித்த முடிவு. நுன்சியாவின் பெயர் கெடும். அவர் தமிழ் வாசிக்கமாட்டார்.

(ஆ) அவர் எல்லாவற்றையும் சொல்லி— (இதை எங்கள் குடும்பத்தில் ஒருவரும் நம்பமாட்டார்கள்.)

இரண்டையும் எழுதிவிட்டுப் பார்த்தால், நடந்தது இரண்டுக்கும் இடம் தரவில்லை. கதவைத் திறந்தவர் இராஜதுரை. "வாங்கோ சம்பந்தி, பால் பொங்கின படம் பாத்தம், நல்ல வடிவு" என்றார். அவருக்குப் பின்னால் சிவானுஜா. விக்னராஜா வசனத்தைத் தொடங்க வாயெடுத்தார். அதற்குள் சிவானுஜாவின் காலடியைக் கடந்து கேசிகா விறுவிறுவென்று தவழ்ந்து வந்து, அவர் காற்சட்டைக்கு ஒரு முழம் முன்னால் குந்தி, இரண்டு கைகளையும் மேலே நீட்டினாள்.

"தூக்குங்கோவன் சம்பந்தி" என்கிறார் இராஜதுரை. "எத்தினை நாளாத் தேடினவள்."

தூக்கினால், சேட்டில் இருப்பதெல்லாம் அவள் முகத்தில். தூக்காமல் நின்றால், ஏன் என்று கேட்பார்கள். அந்தக் கேள்விக்கு ரயிலில் செதுக்கிய வசனம் போதாது.

நான் இந்தக் குடும்பத்தின் மானத்தைக் காக்க எழுத உட்கார்ந்தவன். அடுத்த வரி என்னால் ஆகாது. பேனாவை உங்களிடம் தருகிறேன். எந்த வரி எழுதினாலும் அது எங்கள் பெயரில்தான் இருக்கும், பரவாயில்லை. ஆனால் யோசித்துக்கொண்டு இருக்காதேயுங்கள். பிள்ளை இன்னும் கையை இறக்கவில்லை.