பாய் கிடைக்காத குழு

“அவங்களுக்குப் பாயி, எங்களுக்குப் பேனா. இது எந்த ஊரு நாயம்? சொல்லு பாப்பா, நீதான் படிச்சவளாச்சே.”

“அக்கா, மெதுவாப் பேசுங்க. உள்ள படுத்துக்கினு இருக்காங்க.”

“படுத்துக்கினு இருக்கறது தெரிஞ்சுதான் கத்துறேன். எங்களுக்கு மட்டும் முதுகு இல்லியா?”

கவரைப்பேட்டையில் ரயில்வே கேட்டுக்கு அந்தாண்டை இருக்கிற தெருவில், மகளிர் குழுக் கட்டடத்தின் கதவை மறித்துக்கொண்டு நின்றாள் தமிழ்செல்வி. குப்புராஜின் மனைவி. கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் பேக்கிங் வேலை. வாரம் முழுக்க மிஷின் சத்தத்துக்கு மேலே பேசிப் பழகிய தொண்டை. ஞாயிற்றுக்கிழமை மதியத்தில் அது தெருக்கோடி வரைக்கும் போனதில் வியப்பில்லை. அவள் பின்னால் தெருவின் வடக்கு வரிசைப் பெண்கள், ஆளுக்கொரு பேனாவுடன். உள்ளே மற்றப் பெண்கள் பாய் விரித்து மல்லாந்து கிடந்தார்கள். கண்ணைத்தான் மூடியிருந்தார்கள், காதை ஒருத்தியும் மூடவில்லை.

நடுவில் மாட்டிக்கொண்டவள் சாலமோன் மகள் கிறிஸ்டினா. சென்னையில் ஒரு கல்லூரியில் எம்.எஸ்ஸி. உளவியல், கடைசி வருடம். அந்தப் படிப்பில் சேர்ந்த நாளிலிருந்து தெருவில் அவள் நிம்மதியாக நடந்ததில்லை. எதிரே வருகிறவர்கள் நிறுத்தி, “நான் இப்ப இன்னா நெனைக்கிறேன், சொல்லு பாப்போம்” என்பார்கள். பதில் சொல்லாவிட்டால் ஃபீஸ் வீண் என்று முடிவு கட்டிவிட்டுப் போவார்கள்.

“அக்கா, உங்களுக்கும் கடைசில கத்துக் குடுப்பேன். எழுதியே குடுத்திருக்கேன் இல்ல?”

“கடைசிலன்னா எப்ப? அவங்கல்லாம் தூங்கி எழுந்த பெறவா?”

“ஆமாக்கா. அதுதான் முறை. ரெண்டு பக்கத்தையும் ஒப்பிட்டுப் பாக்கணும்.”

“உங்க சித்தி கிரேசு மட்டும் எப்டி பாய்ப் பக்கம் போச்சு?”

“கம்ப்யூட்டர்ல வந்துச்சுக்கா.”

“கம்ப்யூட்டரு யார் ஊட்டுது?”

ஆராய்ச்சி முறைகள் என்று தடியாக ஒரு பாடப்புத்தகம் வைத்திருந்தாள் கிறிஸ்டினா. அதில் இந்தக் கேள்விக்குப் பதில் இல்லை.

விஷயம் பெரிதாக ஒன்றுமில்லை. இந்தத் தெருவில் ஷிப்டு இல்லாத வீடு கிடையாது. புருஷன் நைட் ஷிப்டு முடிந்து வந்து படுக்கும்போது பெண்டாட்டி எழுந்திருக்க வேண்டும். அவன் எழுந்திருக்கும்போது இவள் கம்பெனி வேனைப் பிடிக்க வேண்டும். தூக்கம் என்பது யாராவது விட்டுவைத்த மிச்சம். அந்தப் பெண்களை வைத்துத்தான் கிறிஸ்டினாவின் ஆய்வு. அவர்களை இரண்டாகப் பிரித்து, ஒரு பாதிக்கு மட்டும் உடம்பைத் தளர்த்தும் பயிற்சி கொடுப்பது: கையை இறுக்கு, விடு, தோளை இறுக்கு, விடு. மறுபாதிக்கு ஒன்றும் கிடையாது. பயிற்சிக்கு முன்னும் பின்னும், நடுவில் ஞாயிறுதோறும், இரண்டு பாதியையும் எப்படித் தூங்குகிறீர்கள் என்று கேள்வித்தாள் வைத்துக் கேட்பது. பயிற்சி எடுத்தவர்கள் தேறி, எடுக்காதவர்கள் தேறாமல் இருந்தால்தான் தேறியது பயிற்சியால் என்று சொல்ல முடியும். எடுக்காதவர்களுக்குப் புத்தகத்தில் கட்டுப்பாட்டுக் குழு என்று பெயர். தெருவில் ‘சொம்மா குரூப்பு’ என்றார்கள்.

கிறிஸ்டினா செய்த தப்பு ஒன்றே ஒன்று. சீட்டோ, குழாய்த் தண்ணீர் முறையோ, எதைப் பிரிப்பதென்றாலும் இங்கே எல்லார் எதிரிலும் குண்டானில் துண்டுக் காகிதம் போட்டுக் குலுக்கித்தான் எடுப்பார்கள். அவள் தன் வீட்டுக்குள் உட்கார்ந்து மடிக்கணினியில் குலுக்கினாள். புத்தகப்படி அதுதான் சுத்தம். கம்ப்யூட்டருக்கு வடக்கு, தெற்கு தெரியாது; ஆனாலும் வடக்கு வரிசையில் பெரும்பாலோரைப் பேனாப் பக்கம் தள்ளிவிட்டது. கிரேஸ் சித்தியைக் கொண்டுபோய்ப் பாயில் படுக்க வைத்தது.

அவளுக்கு இதில் விளையாட்டுக்கு இடமில்லை. ஏப்ரலுக்குள் ஆய்வேட்டைக் கொடுத்துவிட்டால் பெங்களூரில் ஒரு ஆராய்ச்சி நிறுவனத்தில் உதவியாளர் வேலை. வழிகாட்டிப் பேராசிரியர் அருணாச்சலம் சொல்லி வைத்திருந்தார். கொடுக்காவிட்டால் சாம்சன். சாம்சன் கெமிக்கல் கம்பெனி ஒன்றில் சூப்பர்வைசர். அவன் அம்மா மேரி கிறிஸ்துமஸிலிருந்து ஏதாவது ஒரு சாக்கில் கேக்கோடு வந்துகொண்டிருந்தாள். “படிப்பு முடியட்டும், பெங்களூரு வேலை வந்தா போகட்டும். வரலன்னா மேரியம்மாவுக்குச் சரின்னு பதில் சொல்லிடலாம்” என்று சாலமோன் ரோலிங் மில்லுக்குக் கிளம்பும்போதெல்லாம் சொல்லிவிட்டுப் போவார். சாம்சன்மேல் கிறிஸ்டினாவுக்குக் கோபம் எதுவும் இல்லை. அதுதான் சங்கடம், வேறு எதுவும்கூட இல்லை.

அன்றைக்குத் தமிழ்செல்வி பேனாவைக் கதவு ஓரம் வைத்துவிட்டுப் போனாள். அடுத்த ஞாயிறு வடக்கு வரிசை மொத்தமும் வராது என்று கிறிஸ்டினா வாரம் பூராவும் கையைப் பிசைந்துகொண்டிருந்தாள். புறநகர் ரயிலில் உட்கார இடம் கிடைத்தாலும் நின்றுகொண்டே போனாள். தெருவுக்கே தூங்கக் கற்றுக்கொடுக்கிற பெண்ணுக்குத் தூக்கம் இல்லை என்பது அவள் அம்மா வழியாக எல்லாருக்கும் தெரிந்திருந்தது. அதைக் கேட்டு ஓரிருவர் சந்தோஷப்பட்டதும் உண்டு.

ஆனால் சண்டை நின்றுபோனது. தமிழ்செல்வி வந்து, “எங்க குந்தணும்?” என்று கேட்டுக் குந்தினாள். கேட்ட கேள்விக்குப் பதில் சொன்னாள். போகும்போது சிரிக்கவும் சிரித்தாள். கிறிஸ்டினாவுக்கு முதலில் நிம்மதி. பிறகு அந்த நிம்மதியே உறுத்த ஆரம்பித்தது. இந்தத் தெருவில் எந்தச் சண்டையும் இவ்வளவு சீக்கிரம் ஆறினதாக அவளுக்கு ஞாபகம் இல்லை.

பயிற்சி முடிகிற வாரத்தில் ஒரு காலை, கடைசிக் கேள்வித்தாளுக்கு நேரம் குறித்துக்கொள்ளத் தமிழ்செல்வி வீட்டுக்குப் போனாள். கதவு ஒருக்களித்திருந்தது. உள்ளே இருந்து ஒரு பெண் குரல் மெதுவாக, “இப்போ கையை நல்லா இறுக்குங்க... விடுங்க...” என்றது. அது கிறிஸ்டினாவின் குரல்தான். பாய்ப் பக்கத்தாருக்கு மட்டும் வீட்டில் கேட்கப் பதிவு செய்து அனுப்பியது. தரையில் தமிழ்செல்வி படுத்திருந்தாள். பக்கத்தில், நைட் ஷிப்டு முடித்து வந்த குப்புராஜும் சேர்ந்து கையை இறுக்கிக்கொண்டிருந்தார்.

“உள்ள வா பாப்பா. நாஷ்டா ஆச்சா?” என்றாள் தமிழ்செல்வி, கண்ணைத் திறக்காமலே.

“இது யாரு குடுத்தாங்க உங்களுக்கு?”

“உங்க சித்திதான். நாங்க எல்லாருமே கேக்கறோம். உன் கொரலு நல்லாத்தான் கீது, இவுரு பாதிலயே கொறட்ட வுட்டுர்றாரு.”

கிறிஸ்டினா நேராகச் சித்தி வீட்டுக்குப் போனாள். கிரேஸ் மீன் கழுவிக்கொண்டிருந்தாள்.

“யாருக்கும் குடுக்கக் கூடாதுன்னு சொன்னேனா இல்லியா?”

“சொன்ன. நான் இன்னா பண்றது? தண்ணி புடிக்கிற எடத்துல மூஞ்சத் தூக்கி வெச்சிக்கினு நிக்கிறா. நம்ம ஊட்டுல மீன் கொழம்பு வெச்சா அவ ஊட்டுக்கு ஒரு கிண்ணம் போவாம இருக்குமா? அத்தமாரிதான் இதுவும். மொத்தம் ரெண்டு நிமிசம், வாட்ஸ்அப்ல தட்டுனேன்.”

“இது கொழம்பு இல்ல சித்தி.”

“கொழம்பா இருந்தாக்கூடப் பரவால்ல, கொறஞ்சிருக்கும். இது குடுத்தாலும் கொறையல.”

கிறிஸ்டினா அழுதாள். அழுகையோடேயே விளக்கினாள்: இரண்டு பக்கமும் தூங்கினால் வித்தியாசம் கிடையாது, வித்தியாசம் இல்லாவிட்டால் ஆய்வு கிடையாது, ஆய்வு இல்லாவிட்டால் பெங்களூர் கிடையாது. இதைப் பின்னாலேயே வந்து கதவண்டை நின்ற தமிழ்செல்வி முழுக்கக் கேட்டாள்.

“அப்ப நாங்க தூங்குனது தப்பாப் போச்சு” என்றாள் கடைசியில்.

“உங்க மேல தப்பு இல்லக்கா.”

“யார் மேலன்னு நான் கேக்கலியே.”

கடைசிக் கேள்வித்தாள் நாள் வந்தது. வடக்கு வரிசை முழுசாக, சொன்ன நேரத்துக்கு முன்னாலேயே வந்து உட்கார்ந்தது. பவுடர் பூசிய பளிச்சென்ற முகங்கள். எழுதிய பதில்களைப் படித்தால் அத்தனை பேரும் ஆஸ்பத்திரிக்குக் கிளம்ப வேண்டியவர்கள் போல இருந்தது. தூக்கமே வருவதில்லை; வந்தாலும் நிற்பதில்லை; எழுந்தால் தலை சுற்றுகிறது; பகலெல்லாம் எரிச்சல். ஒருத்தி மட்டும் பேனாவைக் கடித்துக்கொண்டு, “இதுல எந்தப் பக்கம் டிக்கு போட்டா உனுக்கு நல்லது?” என்று கேட்டாள். தமிழ்செல்வி முழங்கையால் அவளை இடித்தாள். “நாம பேசனது ஞாபகம் இல்ல? எல்லாத்துலயும் மோசம்னு போடு. பொண்ணு பொழைக்கட்டும்.”

கிறிஸ்டினாவுக்கு இது காதில் விழுந்தது. விழாத மாதிரி தாள்களை அடுக்கி வாங்கிக்கொண்டாள்.

கல்லூரி ஆய்வகத்தில் எண்களைப் போட்டாள். பாய்ப் பக்கத்துக்கும் பேனாப் பக்கத்துக்கும் புள்ளியியல் மென்பொருள் காட்டிய அளவு வித்தியாசத்தை அந்தத் துறை பார்த்ததில்லை. அருணாச்சலம் சார் கண்ணாடியைத் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தார். “இதைக் கட்டுரையாவே போடலாம்மா” என்றார். அவர் அப்படி ஒரு மாணவியிடம் சொல்வது அபூர்வம் என்று பக்கத்தில் இருந்த ஆய்வு மாணவர் நாகேஸ்வர ராவ் பிறகு சொன்னார்.

சந்தோஷப்பட வேண்டிய பெண் ரயிலில் பொன்னேரி வந்ததும் காரணமில்லாமல் இறங்கி, நடைமேடையில் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நடந்துவிட்டு அடுத்த வண்டியில் ஏறினாள். வீட்டில் சாப்பாட்டுத் தட்டோடு எழுந்து எழுந்து உட்கார்ந்தாள். பெங்களூரிலிருந்து, எப்போது சேர முடியும் என்று கேட்டு மின்னஞ்சல் வந்திருந்தது. பதில் எழுதுவதும் அழிப்பதுமாக இருந்தாள். பொய்யை அவள் சொல்லவில்லை, அவளுக்காகச் சொன்னார்கள். இப்படி ஒரு சமாதானம் செய்து பார்த்தாள். அது குளியலறைக்குப் போய் வருகிற நேரம்கூடத் தாங்கவில்லை. அந்தப் பயிற்சியை நம்பி நாளைக்கு யாராவது வேறொரு தெருவில் பாய் விரித்தால் என்ன செய்வது என்று நினைத்தாள். பயிற்சியால் நல்லதுதான் நடந்தது என்பது அவளுக்கே தெரியும். ஆனால் தெரிந்ததை நிரூபித்ததாகச் சொல்லக் கூடாது என்பதைத்தானே இரண்டு வருடமாகப் படித்தாள்.

மறுநாள் சாரிடம் எல்லாவற்றையும் சொன்னாள்.

“என்கிட்ட ஏம்மா சொன்ன?” என்றார். அதில் கோபத்தைவிடக் களைப்புதான் இருந்தது. கட்டுரை அவருக்கும் வேண்டியிருந்தது போல.

“சொல்லாம இருக்க முடியல சார்.”

“சரி. இந்தத் தரவை எடுத்து வெச்சிடு. பயிற்சி எப்படி ஒரு வீட்டிலேருந்து அடுத்த வீட்டுக்குப் போச்சு, யார் யாருக்குக் குடுத்தாங்க, ஏன் குடுத்தாங்க, அதை நேர்காணலா எடு. அதுவும் ஆராய்ச்சிதான். ஆனா இந்த செமஸ்டர்ல முடியாது. பெங்களூர்ல காத்திருக்கச் சொல்லி நான் கேக்க முடியாது.”

பெங்களூர் காத்திருக்கவில்லை.

அதைவிடப் பெரிய அடி தெருவில் இருந்தது. நேர்காணலுக்குச் சம்மதம் கேட்டுத் தமிழ்செல்வி வீட்டுக்குப் போனபோது, அவள் துணி உலர்த்திக்கொண்டிருந்தாள். கிறிஸ்டினா நடந்ததைச் சொன்னாள். தமிழ்செல்வி கையிலிருந்த புடவையை வாளியிலேயே போட்டாள்.

“உனுக்கோசரம்தானே பொய் சொன்னோம். எல்லாரும் குந்திப் பேசி, யோசிச்சி சொன்னோம். அத்தப் போயி வாத்தியார்கிட்ட சொன்னியா?”

“யார் பேரையும் சொல்லலக்கா.”

“பேரு எதுக்கு? வடக்கு வரிச பொய் பேசுற வரிசன்னு எழுதிட்டல்ல. மொதல்ல பாய் இல்லன்ன. அப்பறம் தூங்குனது தப்புன்ன. சரி, தூங்கலன்னோம். இப்ப அதுவும் தப்பு. நாங்க இன்னா பண்ணாத்தான் உன் படிப்புக்கு ஒத்துவரும்?”

தமிழ்செல்வி புடவையை மறுபடி எடுத்துப் பிழிந்தாள், பிழிந்ததையே பிழிந்தாள். சம்மதிக்க மறுப்பதற்கு எல்லாருக்கும் உரிமை உண்டு, காரணம் சொல்ல வேண்டியதில்லை என்று கிறிஸ்டினாவின் தாளிலேயே அச்சடித்திருந்தது. அந்தத் தெருவிலேயே அந்த உரிமையைப் பயன்படுத்தியவள் தமிழ்செல்வி ஒருத்திதான். மற்றவர்கள் எல்லாம் பேசினார்கள், கேட்காததையும் சேர்த்து. கிரேஸ் சித்தியின் பேட்டி மட்டும் இரண்டு ஞாயிறு ஓடியது.

ஆய்வேடு டிசம்பரில்தான் முடிந்தது. மார்க் சுமார்தான். தேர்வாளர் ஒருவர், இதில் உளவியல் எங்கே இருக்கிறது, ஒரே வம்பாக இருக்கிறதே என்று கேட்டாராம்.

சாம்சன் விஷயம் அதற்கு முன்பே முடிந்துபோனது. பதில் சொல்லிவிடலாம் என்று சாலமோன் சொன்னபோது, கிறிஸ்டினாவே போய் மேரியம்மாவிடம் வேண்டாம் என்று சொன்னாள். ஒரு பொய்யைக் கலைத்த பிறகு இன்னொன்று எதற்கு என்று அவளுக்குத் தோன்றியிருக்கலாம். சாம்சன் கல்யாணம் மீஞ்சூர் நர்ஸ் ஒருத்தியோடு நடந்தது. இப்போது இரண்டு பேரும் மஸ்கட்டில். மேரியம்மா கேக் செய்வதை நிறுத்திவிட்டாள். குப்புராஜுக்கு ஆந்திரா பக்கம் வேலை மாறி, குடும்பத்தோடு சூளூர்ப்பேட்டைக்குப் போய்விட்டார்கள்.

கிறிஸ்டினா மறு வருடம் புதுச்சேரியில் முனைவர் பட்டத்துக்குச் சேர்ந்தாள். அதற்கடுத்த வருடம் கல்யாணம், அந்த நாகேஸ்வர ராவோடுதான். பையன் நெல்லூர் பக்கம், தமிழ் பாதிதான் வரும்; அது எப்போது தொடங்கியது என்று தெரு இன்னும் விசாரித்துக்கொண்டிருக்கிறது. தமிழ்செல்வி சூளூர்ப்பேட்டையிலிருந்து ரயிலேறிக் கல்யாணத்துக்கு வந்தாள். கிரேஸ் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட்டாள், மாப்பிள்ளையிடம் தெலுங்கில் இரண்டு வார்த்தை பேசினாள், பெண் கையில் ஒரு குக்கரைக் கொடுத்தாள். பெண்ணிடம் மட்டும் ஒன்றும் பேசவில்லை. நான்கு மணி வண்டிக்குப் போய்விட்டாள்.