கை படாத நிலம்

ஜெயப்பிரியா தன் ஆராய்ச்சிக்குத் தேர்ந்தெடுத்த இடம் ஊர் மயானம். கேட்டவர்கள் எல்லாம் முதலில் சிரித்தார்கள், பிறகு அவள் அம்மாவைப் பார்த்துப் பரிதாபப்பட்டார்கள். அவளுக்கும் வேறு வழியில்லை. உழாமல் விட்டால் கரிசலில் தானாக என்னென்ன செடிகள் சேர்ந்து வளரும், அந்தக் கூட்டத்தை எந்த வகையில் சேர்ப்பது, என்ன பெயர் வைப்பது என்பதுதான் அவளுடைய முனைவர் பட்ட ஆய்வு. எப்போதும்வென்றானில் இருந்து விளாத்திகுளம் வரை ஸ்கூட்டியில் அலைந்து தீர்த்துவிட்டாள். உழுத இடமெல்லாம் மிளகாயும் பருத்தியும் உளுந்தும். உழாத இடமெல்லாம் சீமைக்கருவை முள். இரண்டும் இல்லாத ஒரே துண்டு, ஊருக்கு மேற்கே செத்தவர்களுக்கென்று விட்டிருந்த நிலம்தான்.

அங்கே கொழுக்கட்டைப் புல்லும் ஊசிப்புல்லும் முழங்கால் உயரத்துக்கு நின்றன. நடுநடுவே கொளுஞ்சி, ஆவாரை, தரையோடு தரையாக விஷ்ணுகிரந்தி. நிலத்தைச் சுற்றி, வண்டிப்பாதை ஒன்றைத் தவிர, ஆள் நுழைய முடியாத கருவைக்காடு. உள்ளே மருந்துக்குக்கூட ஒரு கருவை கிடையாது. யாரும் கை வைக்காததால் புல் அடர்ந்துவிட்டது, அடர்ந்த புல்லுக்குள் கருவை விதை முளைக்க இடமில்லை என்று ஜெயப்பிரியா முடிவு கட்டினாள். அவளுடைய பேராசிரியர் கற்பகம் மேடத்துக்கும் ஏகப்பட்ட சந்தோஷம். ‘மனிதக் கை படாத இயற்கைப் புல்வெளி’ என்று வகைக்குப் பெயரும் வைத்தாயிற்று. ஆய்வேடு முழுக்க அந்த ஒரு முடிவின் மேல்தான் நின்றது.

பொம்பளைப் பிள்ளை மயானத்துக்குப் போவதா என்று ஊர் முணுமுணுத்தபோது, பெரியப்பா வன்னியபெருமாள்தான் வாயை அடைத்தார். “புல்லுதான எண்ணப் போறா. எண்ணிட்டு வரட்டும்” என்றார். பிளாஸ்டிக் குழாயில் செய்த சதுரச் சட்டத்தைத் தரையில் போட்டு, அதற்குள் இருக்கிற செடிகளை எண்ணி, இடம் மறக்காமல் இருக்க முளைக்குச்சி அடித்து வந்தாள். கோடைக் கணக்கு முடிந்துவிட்டது. மழைக்குப் பிந்தைய கணக்கு மட்டும்தான் பாக்கி.

புரட்டாசிக் கடைசியில் பெரியப்பா நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை.

அவர் மகன் சோலைராஜ் சென்னையில் இருந்து வந்து, அழுது முடித்து, பந்தலில் உட்கார்ந்ததும் ஜேசிபிக்காரனுக்குப் போன் போட்டான். “மயானத்துல ஒரே முள்ளாக் கெடக்கும்லா. வந்து ஒரு தள்ளு தள்ளி விட்டுருங்க” என்று அவன் சொன்னது ஜெயப்பிரியாவின் காதில் விழுந்தது. மேல்மண்ணை வழித்துவிட்டால் புல்லும் போச்சு, விதையும் போச்சு, ஆராய்ச்சியும் போச்சு. ஐஸ் பெட்டிக்குள் பெரியப்பா படுத்திருக்கும்போது புல்லைப் பற்றி நினைக்கிறோமே என்று வெட்கமாகவும் இருந்தது. இருந்தாலும் எழுந்து போய் அவன் முன்னால் நின்றாள்.

“அண்ணே, ஜேசிபி வேண்டாம்ணே.”

“ஏட்டி, என்ன பேசுத? உன் புல்லுக்காக எங்கய்யாவ முள்ளு மேல தூக்கிட்டுப் போகச் சொல்லுதியா?”

பந்தலே திரும்பிப் பார்த்தது. அம்மா அவள் கையைப் பிடித்து இழுத்தாள். ஜெயப்பிரியா நகரவில்லை. “அங்கன முள்ளே கிடையாதுண்ணே. ஒரு தடவ வந்து பாருங்க. ஒரு முள்ளு இருந்தாலும் ஜேசிபிக்கு நானே வழி காட்டுதேன்” என்றாள்.

இவள் வாயை அடைப்பதற்காகவே சோலைராஜ் ஸ்கூட்டியில் ஏறினான். ஊரில் யார் செத்தாலும் குழி வெட்டும் இசக்கி மயானத்தில் வெட்டிக்கொண்டிருந்தார். சோலைராஜ் செருப்பைக் கழற்றிவிட்டு வெறுங்காலோடு குறுக்கும் நெடுக்கும் நடந்தான். ஒன்றும் குத்தவில்லை.

“எப்படிட்டி இது?”

“புல்லு அடர்ந்து கிடந்தா கருவை முளைக்காதுண்ணே. அதைத்தான் நான் கண்டுபிடிச்சிருக்கேன்.”

குழிக்குள் இருந்து இசக்கி நிமிர்ந்தார். “அது நல்லாவே முளைக்கும் தாயி. ஆடு கருவக் காயத் தின்னுட்டு வந்து புழுக்க போட்டாப் போதும். உங்க பெரியப்பாதான் மழை பெஞ்சதும் வருசா வருசம் வந்து, ஈரத்தோட ஈரமா வேரோட புடுங்கி அந்த மூலையில போட்டுருவாவ.”

மூலையில் காய்ந்து கிடந்த குவியலை ஜெயப்பிரியா விறகு என்றுதான் குறித்திருந்தாள். மழைக்காலத்தில் பெரியப்பா கையெல்லாம் கீறலோடு வருவார். கேட்டால், “வேலி அடைச்சேன்” என்பார். இவளும் நம்பினாள்.

“எங்கய்யாவுக்கு எதுக்கு இந்த வேல?” என்றான் சோலைராஜ்.

“அவிய அய்யாவத் தூக்கிட்டு வரும்போது, முன்னால தூக்குனவன் முள்ள மிதிச்சு, பாடை ஒருச்சாஞ்சு போச்சாம். அழுதுட்டு வந்த ஊரே சிரிச்சிருச்சாம். ‘என்னையத் தூக்கிட்டு வரும்போது எவனும் நொண்டக் கூடாதுலே’ன்னு சொல்லுவாவ.”

சோலைராஜ் சிரித்தான். சிரித்துக்கொண்டே இருந்தவன் அப்படியே புல்லில் உட்கார்ந்து தேம்பினான். பிறகு ஜேசிபிக்காரனைக் கூப்பிட்டு வரவேண்டாம் என்றான். சாயங்காலம் வெறுங்காலோடு பெரியப்பாவைத் தூக்கிப் போன யாரும் நொண்டவில்லை.

ஜெயப்பிரியா அன்று நெடுநேரம் அழுதாள். பெரியப்பாவுக்காக எவ்வளவு, பொய்யாகிப்போன ஆராய்ச்சிக்காக எவ்வளவு என்று அவளுக்கே தெரியவில்லை.

காரியம் முடிந்ததும் மேடத்துக்குப் போன் செய்து மறைக்காமல் சொன்னாள். “அப்போ கை படாததுன்னு எழுத முடியாதும்மா. இயற்கைன்னும் போட முடியாது. இந்த மழைக்கு யாரும் பிடுங்காம விட்டுப் பாரு. என்ன வருதோ அதை எழுது” என்றார் மேடம்.

ஐப்பசி மழை கொட்டி ஓய்ந்தபின், செருப்பில் அப்பிய கரிசலை உதறி உதறி மயானத்துக்குப் போனாள். சாவுக்குப் போட்ட மாலைகளை மேய வந்த ஆடுகள் தங்கள் வேலையைச் செய்துவிட்டுப் போயிருந்தன. பெரியப்பாவின் குழிமேட்டில் புல் இன்னும் வரவில்லை; விரல் நீளத்துக்குக் கருவைக் கன்றுகள் நின்றன. புல்லுக்குள்ளும் அங்கங்கே தலைகாட்டின. ஓரத்தில், அவள் இதுவரை வெளிக்காட்டோடு சேர்த்துவிட்டிருந்த இடத்தில், போன வருஷம் பெரியப்பாவுக்குத் தப்பியவை முள்ளோடு நின்றன.

முதலில் எல்லாவற்றையும் எண்ணிக் குறித்தாள். அதோடு எழுந்து போயிருக்க வேண்டும். சும்மா விட்டால் என்ன வரும் என்பதைத் தெரிந்துகொள்ள இந்த நிலம் எதற்கு, சுற்றிலும் அதுதானே காடாக நிற்கிறது என்று தோன்றியது. மேடம் மேல் கோபம்கூட வந்தது. குழிமேட்டில் குனிந்து, ஒரு கன்றின் அடியைப் பிடித்து இழுத்தாள். ஈர மண் வேரோடு விட்டுக்கொடுத்தது. அப்புறம் அடுத்தது. வெயில் சாயும்போது மூலையில் புதுக் குவியல் ஒன்று கிடந்தது.

தாளில் ‘மனிதத் தலையீடு’ என்ற இடத்தில் முன்பு ‘இல்லை’ என்று எழுதியிருந்ததை அடித்தாள். ‘மழைக்குப் பின் வருடந்தோறும் கருவைக் கன்றுகள் பிடுங்கப்படுகின்றன. முன்பு வன்னியபெருமாள். இப்போது ஜெயப்பிரியா’ என்று எழுதினாள்.

வீட்டுக்கு வந்து கை கழுவும்போது அம்மா பார்த்துவிட்டாள். “என்னட்டி இது, கையெல்லாம் கீறலு?”

“வேலி அடைச்சேம்மா” என்றாள் ஜெயப்பிரியா.