கேட்காத ஓட்டு

"ராஜினாமா லெட்டர்ல தேதி போடாம வச்சிருக்க?"

"நீங்க என்ன சொல்றீங்கன்னு பாத்துட்டுப் போடலாம்னுதான்."

"பாதி வார்டு மேப்புல இன்னும் வெள்ளையா கெடக்கு, ஜோசி. யாரு முடிப்பா?"

"பார்க்குன்னு நாம பச்சை அடிக்கிறோம். மறு வருஷம் போய்ப் பாத்தா மூணு மாடி நிக்குது. அடிச்சா மட்டும் போதுமா?"

1994-இல், நகரத் திட்ட அலுவலகத்தில் அடுத்தடுத்த மேசைகளில் வேலை பார்த்த கணவனும் மனைவியும் பேசிக்கொண்டது இது. ஆம்ப்ரோஸ் தன் பேனாவை நீட்டினார். வார்டு கவுன்சிலர் தேர்தலில் நிற்பதற்காக எழுதிய அந்த ராஜினாமாவில் ஜோசஃபின் தேதி போட்டாள். அவர் சம்மதித்தாரா, வெறும் பேனாவைத்தான் கொடுத்தாரா என்பது அவளுக்கு இன்றுவரை தெரியாது.

அந்தத் தேர்தலில் தங்கள் வார்டான ஜோகுபாளையத்தின் கதவையெல்லாம் தட்டியவள் தன் வீட்டில் மட்டும் ஓட்டுக் கேட்கவில்லை. அரசாங்க ஊழியரைச் சங்கடப்படுத்தக் கூடாது என்று சொல்லிக்கொண்டாள். உண்மையில் பயம். கேட்டால் பதில் வந்துவிடுமே.

ஜெயித்தாள். ஐந்து வருடத்தில், வரைபடத்தில் பச்சையாக இருந்த இரண்டு இடங்கள் ஊஞ்சலும் புங்கமரமுமாக நிஜப் பூங்காக்கள் ஆயின. மழைநீர்க் கால்வாய் மேல் கட்டிய கடைகளுக்குப் பரிந்து பேச மறுத்தாள். 1999-இல் இருநூற்றுப் பதினோரு ஓட்டில் தோற்றாள். அன்று ஆம்ப்ரோஸ்தான் மீன் குழம்பு வைத்தார். "எல்லார்கிட்டயும் ஓட்டுக் கேட்ட," என்றார். முள்ளை எடுத்து எடுத்துத் தட்டோரம் வைத்துக்கொண்டிருந்தார். அந்த முறையும் அவரிடம் மட்டும் அவள் கேட்டிருக்கவில்லை.

அதன்பின் வீட்டு முன்னறையிலேயே வரைபட மேசை போட்டாள். சாலை அகலமானால் தங்கள் சுவர் போகுமா என்று கேட்டு வந்தவர்களுக்கு உள்ளதைச் சொன்னாள். ஆட்சேப மனு எழுதிக் கொடுத்தாள். போன வருடம் ஓய்வு பெற்ற ஆம்ப்ரோஸ் அதே மேசையின் மறுமுனையில் வந்து உட்கார்ந்தார். இந்த ஏப்ரலில் அவள் மறுபடி நிற்பதாகச் சொன்னபோது, தலையை மட்டும் ஆட்டினார்.

இன்று காலை அவளுடைய பிரசார ஊர்வலம் அவர்கள் தெருவுக்கு வந்தது.

"இது நம்ம வீடு மேடம். வாங்க, பாகீரதியக்கா வீட்டுல அஞ்சு ஓட்டு இருக்கு," என்று நோட்டீஸ் கட்டோடு நகர்ந்தார், அவளுக்காகத் தேர்தல் வேலை பார்த்த முனிகிருஷ்ணன்.

பாகீரதி பக்கத்து வீட்டு மாடியிலிருந்தே குரல் கொடுத்தாள். "நம்ம வீடு, நம்ம வீடுன்னுதான் போன தடவ கோட்டை விட்டீங்க! ஆம்ப்ரோஸ் அண்ணா யாருக்குக் குத்துறாரோ, கண்டது யாரு?"

எல்லோரும் சிரித்தார்கள். ஜோசஃபின் சிரிக்கவில்லை. ஆம்ப்ரோஸ் வாசலுக்கு வந்திருந்தார். தேய்த்த சட்டை, சீவிய தலை. மற்ற வீட்டுக்காரர்களைப் போலவே, கேட்டின் மேல் இரண்டு கைகளையும் வைத்துக்கொண்டு நின்றார். எத்தனையோ வாசல்களில் கூப்பிய கைகளை ஜோசஃபின் இந்த வாசலிலும் கூப்பினாள்.

"பத்து வருஷமா உங்ககிட்ட மட்டும் கேக்கல," என்றாள். "எனக்கு உங்க ஓட்டு வேணும். போடுவீங்களா?"