பாலசுப்பிரமணியன் தட்டிய என்டர்

மூன்று வருஷமாக விஜயஸ்ரீ பூச்சி எண்ணிக்கொண்டிருந்தாள். சேரன்மகாதேவிக்கு வெளியே, வாய்க்காலை ஒட்டிய நெல் ஆராய்ச்சிப் பண்ணையில் அவளுக்கு வேலை. கார், பிசானம் என்று வருஷத்துக்கு இரண்டாக ஆறு போகம், வாரம் தவறாமல் வயலில் இறங்கி, ஒரு தூரில் எத்தனை புகையான், எத்தனை இலைச்சுருட்டுப் புழு என்று எடுத்த கணக்கு முழுக்க ஒரு லேப்டாப்பில் இருந்தது. குனிந்து எண்ணிச் சொல்லுகிறவள் தினக்கூலிக்கு வரும் சந்தனமாரி; காலையில் ஆபீசைக் கூட்டுவதும் அவள்தான். எழுதுகிறவள் விஜயஸ்ரீ.

தொண்ணூற்றொன்பது ஆவணியில், பண்ணைத் தலைவர் பாலசுப்பிரமணியன் ஹைதராபாத் கூட்டத்துக்குப் போய்விட்டு ஒரு சிடியோடு வந்தார்.

"லினக்ஸ்மா, விண்டோஸ் மாதிரியே இன்னொண்ணு. விண்டோஸும் இருக்கணும், இதுவும் இருக்கணும். தொறந்த உடனே எது வேணும்னு கேக்கும். அடுத்த மாசம் டெல்லியிலேருந்து குழு வருதுல்லா, அசந்து போயிருவாங்க."

விஜயஸ்ரீக்கும் அதில் ஆசைதான். சிடியோடு வந்த புத்தகத்தை இரண்டு தடவை படித்திருந்தாள். ஒன்றே ஒன்றுதான் கேட்டாள்.

"அதுக்கு முன்னால எல்லாத்தையும் ஃப்ளாப்பியில எடுத்து வச்சிக்கிடுதேன் சார். ரெண்டு நாள் ஆகும்."

"ரெண்டு நாளா? நாம என்ன வயித்தையா அறுக்கப் போறோம்? இருக்க வீட்டுல இன்னொரு ரூம் கட்டுதோம். அவ்வளவுதான்."

புதன்கிழமை காலை பதினோரு மணிக்கு அவரே உட்கார்ந்தார். கிளார்க் அம்பலவாணன் உளுந்தவடை வாங்கி வந்து வைத்தார். வடையைப் பிட்ட கையாலேயே பாலசுப்பிரமணியன் தட்டினார். எஃப் எழுத்தின் மேல் எண்ணெய் மினுங்கியது.

திரை நீலமாகி, எந்த மாதிரி போட வேண்டும் என்று கேட்டது. ஒர்க்ஸ்டேஷன், சர்வர், கஸ்டம்.

"சர்வர் வேண்டாம் சார். டிஸ்க்குல இருக்கது எல்லாத்தையும் அழிச்சிரும்னு புத்தகத்துல போட்டிருக்கு."

"சர்வர்தாம்மா பெரிசு. பெரிய ஆபீஸ்ல எல்லாம் அதைத்தான் வச்சிருக்கான்."

"சார், அதுவே கேக்குது பாருங்க. எல்லாம் போயிருமாம், சரியான்னு."

"அது எல்லார்ட்டயும் சும்மா கேக்கும்," என்று சொல்லிவிட்டு என்டரைத் தட்டினார்.

முக்கால் மணி நேரம் கழித்து, கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்து வந்து நின்று பெயரும் பாஸ்வேர்டும் கேட்டது. வேறொன்றும் கேட்கவில்லை.

"விண்டோஸ் எங்கம்மா?" என்றார்.

விஜயஸ்ரீ உட்கார்ந்து பார்த்தாள். விண்டோஸ் இல்லை, அதோடு இருந்த கணக்கும் இல்லை. முதல் இரண்டு போகம் பழைய ஃப்ளாப்பிகளில் கிடந்தது. மிச்சம் நான்கு போகமும் போயிருந்தது. வயலில் எழுதிய நோட்டுகளை, கம்ப்யூட்டர் வந்த பிறகு இந்தக் குப்பை எதற்கு என்று அவர்தான் போன மாசம் எடைக்குப் போடச் சொல்லியிருந்தார். பாலசுப்பிரமணியன் லேப்டாப்பை மூடிவைக்கிற துணியில் கையைத் துடைத்துக்கொண்டு எழுந்து போனார்.

வெள்ளிக்கிழமை அவளைக் கூப்பிட்டு ஒரு தாளை நீட்டினார். டைப் அடித்திருந்தது. அலுவலகத்தைக் கூட்டும்போது தினக்கூலிப் பணியாள் சந்தனமாரி மின்வயரைப் பிடுங்கிவிட்டதால் கணினியிலிருந்த தரவுகள் அழிந்துவிட்டன என்று இருந்தது. கீழே விஜயஸ்ரீயின் பெயருக்கு மேல் இடம் விட்டிருந்தது.

"அவளுக்கென்ன இன்கிரிமென்டா நிக்கப் போவுது? உனக்கும் யாருக்கும் பதில் சொல்ல வேண்டாம் பாரு."

அவர் பல்லிடுக்கைக் குத்திக்கொண்டே சொன்னார். அந்த வாயைப் பார்க்கவே அவளுக்கு அருவருப்பாக இருந்தது. அதைவிட அருவருப்பான ஒன்று அவளுக்குள்ளேயே நடந்தது. இது வசதிதானே என்று ஒரு கணம் மனசு போய் வந்தது. "திங்கக்கிழமை தாரேன் சார்" என்று சொல்லித் தாளை வாங்கி மடித்துக்கொண்டு வந்துவிட்டாள்.

திங்கட்கிழமை சந்தனமாரி வேலைக்கு வரவில்லை. இனி வர வேண்டாம் என்று சொல்லி அனுப்பிவிட்டார்களாம். விஜயஸ்ரீ விசாரித்துக்கொண்டு போனபோது, அவள் வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் யாருடைய வயலிலோ நாற்றுப் பிடுங்கிக்கொண்டிருந்தாள். வரப்புக்கு ஏறி வந்தாள். கையைக்கூடக் கழுவவில்லை.

"நான் அந்தப் பெட்டியத் தொட்டதே கிடையாதேம்மா. தூசி தட்டுததுகூட நீங்கதான தட்டுவிய?"

"ஆமா."

"அவரு அமுக்கும்போது நீங்க பக்கத்துலதான் நின்னியளாம். அம்பலவாணன் சார் சொன்னாவ."

"நின்னேன்."

"பொறவு எனக்காவ ஒரு வார்த்தை சொல்லலியா நீங்க?"

சந்தனமாரி மறுபடி வயலுக்குள் இறங்கிவிட்டாள்.

அன்று மத்தியானமே, டைப் அடித்த வரிகளைக் குறுக்காக அடித்துவிட்டு அதற்குக் கீழே தன் கையால் நடந்ததை எழுதினாள். நேரம், யார் உட்கார்ந்திருந்தது, திரை என்ன கேட்டது, அவர் என்ன சொன்னார் என்று ஒன்றும் விடவில்லை. கையெழுத்துப் போட்டு, ஒரு நகலைத் தலைமை அலுவலகத்துக்குப் பதிவுத் தபாலில் அனுப்பிவிட்டு, இன்னொன்றை அவர் மேஜையில் வைத்தாள்.

அவர் வாசித்து முடித்தார். "நீயும்தான் நின்னே. கையப் புடிச்சித் தடுத்திருக்கலாம்லா?"

"ஆமா சார். அதையும் கடைசியில எழுதியிருக்கேன்."

டெல்லிக் குழு அந்த நகலோடு வந்தது. அம்பலவாணனைக் கேட்டார்கள். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு, நடந்தது அதுதான் என்றார். பாலசுப்பிரமணியனுக்குத் தண்டனை என்று ஒன்றும் இல்லை. அதே பதவியில் வேறு ஊருக்கு மாற்றினார்கள். அங்கே அவருக்கு இதைவிடப் பெரிய அறை என்று கேள்விப்பட்டபோது விஜயஸ்ரீக்குக் காறித் துப்ப வேண்டும் போலிருந்தது. பூச்சிக் கணக்குத் திட்டத்துக்கு இன்னும் இரண்டு வருஷம் கொடுத்தார்கள். அந்த நான்கு போகத்தையும் மறுபடி எண்ண வேண்டும்.

லேப்டாப்பை அவளே சரி பண்ணினாள். பஞ்சை ஸ்பிரிட்டில் நனைத்து ஒவ்வொரு பொத்தானாகத் துடைத்தாள். விண்டோஸைத் திரும்பப் போட்டு, டிஸ்க்கை இரண்டாகப் பிரித்து, மறுபாதியில் லினக்ஸைப் போட்டாள். சாப்பாட்டு நேரத்துக்குள் முடிந்துவிட்டது. எது வேண்டும் என்று திரை கேட்டது. அதைப் பார்க்க அவளுக்கு ஒரு சந்தோஷமும் வரவில்லை.

சந்தனமாரியைத் திரும்பக் கூப்பிட்டார்கள்.

"வயல்ல எண்ணுததுக்கு வாரேன். அந்த ஆபீசைக் கூட்டுததுக்கு வர மாட்டேன்" என்றாள்.

அப்படியே வந்தாள். முன்பெல்லாம் எண்ணிக்கொண்டே மகள் பேச்சும் மாட்டுப் பேச்சுமாக ஓயாமல் பேசுவாள். அந்தப் பிசானம் முழுக்க விஜயஸ்ரீயிடம் எண்ணிக்கையைத் தவிர வேறு ஒரு வார்த்தை பேசவில்லை.