இளமதியின் கலயம் திறந்த கதை

ஆண்டாளம்மாளின் கண்ணுக்கு அவள் மகள் இளமதி தெரியாமல் போனது ஆவணி மாதத்து வெள்ளிக்கிழமை ஒன்றில், காலை நாஷ்டா வேளையில். முதல் இட்லி வரைக்கும் மகள் பக்கத்தில் நின்று தம்ளரில் தண்ணீர் ஊற்றியது தெரிந்தது. "வாசல்ல ஒரு வேலை கீதும்மா, தோ வந்துடறேன்" என்று சொல்லிவிட்டுப் போனதும் தெரிந்தது. இரண்டாவது இட்லியைப் பிட்டபோது, வாசல் அறையில் இளமதி விலகல் ஏட்டில் கையெழுத்துப் போட்டு முடித்திருந்தாள். மை காய்வதற்குள் ஓடிவந்து, "எழுந்திரும்மா, போலாம்" என்று தாயின் தோளைத் தொட்டாள். ஆண்டாளம்மாள் காற்றுப் பட்டவள்போல முந்தானையை இழுத்து விட்டுக்கொண்டு, எதிரே உட்கார்ந்திருந்த பெண்ணிடம், "சாம்பார்ல உப்பு தூக்கலா கீது இல்ல?" என்று கேட்டாள்.

அந்த இடத்துக்குத் தெளிவு மன்றம் என்று பேர். மாகறலுக்கும் பெருநகர் என்கிற ஊருக்கும் நடுவில், செய்யாற்றங்கரையில், முன்னே அரிசி ஆலையாக இருந்த கட்டடத்தில் நடந்தது. மனசு கலங்கல் தண்ணீர்; குடத்தில் தேற்றாங்கொட்டையை உரைத்தால் சேறு அடியில் தங்குவதுபோல, உள்ளே கிடப்பதைச் சொல்லச் சொல்ல மனசு தெளியும் என்பது அவர்கள் கொள்கை. அதற்கு எட்டுப் படிகள் வைத்திருந்தார்கள். சொல்லும் அறையில் ஆளுக்கு ஒரு மண் கலயம், எத்தனை வருடமானாலும் அதே கலயம்தான். எதிரே கேட்பவர் ஒருவர் உட்கார்ந்து கேள்வி கேட்பார். யாரிடமும் சொல்லாததைக் கலயத்தின் வாயில் வாயை வைத்துச் சொல்ல வேண்டும். சொன்ன குரல் வெளியே வராமல் அதிலேயே தங்கிவிடும். மஞ்சள் துணியால் வாயைக் கட்டி, தேன்மெழுகு பூசி, பேர் எழுதிக் கிடங்கில் அடுக்குவார்கள். நாலாயிரம் கலயங்கள் இருந்தன. கிடங்குச் சுவரில் காதை வைத்தால் தேன்கூட்டுச் சத்தம் கேட்கும் என்று பால் ஊற்ற வருகிறவர்கள் சொல்வார்கள். ஐந்தாம் படி ஏறியவர்களுக்குக் கண்ணீர் வற்றிவிடும். மன்றத்தை விட்டுப் போனவர்கள், உள்ளே இருக்கிறவர்களின் கண்ணிலும் காதிலும் அதற்குப் பிறகு விழமாட்டார்கள். இது ஏட்டின் முதல் பக்கத்திலேயே எழுதியிருந்தது. எல்லாரும் அதை வெறும் விதி என்றுதான் நினைத்தார்கள், இளமதி உட்பட.

இளமதியை நீங்கள் பார்த்திருப்பீர்கள். ஏழரை மணி சீரியலில் ஆறு வருடம் அழுத மருமகள் அவள்தான். பெருநகரில் வேதகிரி என்கிற விவசாயியின் மகளாய்ப் பிறந்து, உத்திரமேரூரில் பள்ளிக்கூட நாடகத்தில் நடித்து, அங்கிருந்து சென்னைக்குப் போய்ப் பேர் எடுத்தவள். அவளுக்கு அழுகை மட்டும் தண்ணீர் பட்ட பாடு. டைரக்டர் கேட்ட கண்ணில் கேட்ட நேரத்தில் நீர் வரும். இருபத்துநாலு வயதில் மன்றத்தில் சேர்ந்தாள். ஐந்தாம் படியில் கண்ணீர் வற்றியதும் மேக்கப்காரர் கொடுத்த கிளிசரின் புட்டியை முதல்முதலாகக் கையில் வாங்கினாள். பார்த்தவர்களுக்கு வித்தியாசம் தெரியவில்லை. மன்றத்தின் பேனர்களில் அவள் முகம் வந்தது. அந்த முகத்தைப் பார்த்தே காவாந்தண்டலத்திலிருந்து இரண்டு பஸ் நிறையப் பேர் வந்து சேர்ந்ததாகச் சொல்வார்கள்.

அவள் சேர்ந்த ஆறாவது வருடம் வேதகிரி செத்துப்போனார். களத்தில் நெல் காயவைத்துக்கொண்டிருந்தவர், நெல்மேலேயே படுத்தார், எழுந்திருக்கவில்லை. இளமதி காரில் வந்து இறங்கினாள். ஊரே அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தது. அப்பனைப் பார்க்கப் பார்க்க அவளுக்கு நெஞ்சு வெடித்தது, ஆனால் கண்ணில் ஒரு பொட்டு ஈரம் இல்லை. "டிவியில அத்தினி அழுவுது, பெத்த நைனாவுக்கு அழுவக் காணோமே" என்று யாரோ சொன்னது காதில் விழுந்தது. அவள் மாட்டுக்கொட்டகைப் பக்கம் போனாள். கைப்பையில் இருந்த புட்டியை எடுத்துக் கண்ணில் விட்டுக்கொண்டு திரும்பி வந்து, அப்பன் காலைக் கட்டிக்கொண்டு அழுதாள். சீரியலில்கூட அப்படி அழுததில்லை. ஆண்டாளம்மாள் மகளைத் தூக்கி, தன் முந்தானையாலேயே அவள் முகத்தைத் துடைத்துவிட்டாள். இந்தக் கிளிசரின் விஷயத்தை இளமதி அடுத்த மாதம் தன் கலயத்தில் சொன்னாள். வேறு ஒரு ஜீவனுக்கும் சொல்லவில்லை. அதே மாதத்தில்தான், "அங்க வந்தா நெஞ்சு பாரம் எறங்கிடும்மா" என்று தாயைக் கையைப் பிடித்து மன்றத்துக்கு அழைத்துக்கொண்டு போனாள். ஆண்டாளம்மாள் ஐந்து வருடத்தில் ஏழு படி ஏறினாள். வீட்டைப் பூட்டிவிட்டு, மன்றத்திலேயே தங்கி, மன்றத்து நிலத்தில் களை எடுத்துக்கொண்டு, கண்ணில் நீர் இல்லாமல் நிம்மதியாக இருந்தாள்.

இளமதி விலகியதற்குக் காரணம் அவள் எட்டு வயதுப் பெண். சொல்லும் அறையில் குழந்தையை உட்காரவைத்து, வீட்டில் அம்மா என்ன பேசுகிறாள் என்று கேட்டிருக்கிறார்கள். குழந்தை வந்து, "நீ தூக்கத்துல தாத்தாவைக் கூப்புடறேன்னு சொல்லிட்டேம்மா, தப்பா?" என்று கேட்டது. இளமதி அன்றைக்கே முடிவு செய்தாள். அவளும் புருஷன் ஸ்ரீகாந்தும் தம்பி வினோத்குமாரும், குழந்தை பேரையும் சேர்த்து, வரிசையாகக் கையெழுத்துப் போட்டார்கள். முதலில் கையெழுத்து, அப்புறம் அம்மா என்று வைத்துக்கொண்டதுதான் அவள் செய்த பிழை. அம்மாவை முதலில் அழைத்திருந்தால் அவள் வந்திருப்பாளா என்பதும் யாருக்கும் தெரியாது.

வெளியே வந்தவள் கேட்டைத் தாண்டியதும் நின்றுவிட்டாள். மதிலோரம் நெடுகிலும் ஆட்கள் நின்றார்கள். ஒருவர் கையில் தூக்குவாளி, ஒருத்தி மடியில் முறுக்குப் பொட்டலம். எல்லாரும் மன்றத்தை விட்டு வந்து, உள்ளே இருக்கும் யாருக்காகவோ காத்திருப்பவர்கள். அவர்களில் சடையப்பன் என்பவர் முன்னே மன்றத்து வேன் ஓட்டியவர். அவர் சம்சாரம் உள்ளே இருந்தாள்.

"இன்னா பாப்பா, இப்பத்தான் என்னைத் தெரியுதா?" என்றார். "மூணு வருசமா உனுக்கு வணக்கம் வச்சிக்கினு கீறேன்."

"இங்கியா நின்னீங்க அண்ணா?"

"இங்கதான். ஒருவாட்டி உன் காரு என் கால்மேல ஏறிச்சி. அப்பவும் நீ பாக்கல." அவர் சிரித்தார். "நெழல்ல நில்லு. நாள் ஆவும்."

நாள் ஆயிற்று. இளமதி பெருநகர் வீட்டைத் திறந்து குடும்பத்தோடு அங்கேயே தங்கினாள். சீரியலில் அவளைச் சாகடித்து, படத்துக்கு மாலை போட்டுவிட்டார்கள். தினமும் காலை பஸ்ஸில் போய் மன்றத்து நிலத்தின் வரப்பில் உட்கார்வாள். தாய் களை எடுத்துக்கொண்டே பக்கத்தில் வருவாள், நேராக அவளைப் பார்ப்பாள், அவள் வழியாக ஆற்றைப் பார்ப்பாள். மகள் கத்தினாள், பாடினாள், தாய்க்கு முன்னால் சேற்றில் விழுந்து கிடந்தாள். ஆண்டாளம்மாள் அந்த இடத்தைக் கல் கிடப்பதுபோலச் சுற்றிக்கொண்டு போனாள். கூட வேலை செய்த கூலிக்காரி கோவிந்தம்மாள் மன்றத்தில் சேராதவள். அவளுக்கு இருவரையும் தெரிந்தது. "யக்கா, உன் பொண்ணு வந்துகீது" என்று சொல்லிப் பார்த்தாள். "அவ ஷூட்டிங்ல கீறா, வரமாட்டா" என்று ஆண்டாளம்மாள் பதில் சொன்னாள்.

தை மாதம் இளமதி ஒரு பேட்டியில் மன்றத்தைப் பற்றிப் பேசினாள். மறுநாள் காலை பத்து மணிக்கு மன்றத்தார் அவள் கலயத்தைத் திறந்து ரோட்டோரம் வைத்தார்கள். குரல் வெளியே வந்து, சற்று நின்று, பெருநகர்ப் பக்கம் நடந்தது. நாடே அறிந்த குரல் ஆனதால் யாருக்கும் சந்தேகம் வரவில்லை. டீக்கடையில் பெஞ்சுக்குப் பக்கத்தில் நின்று, பத்தாம் வகுப்பில் காப்பி அடித்ததைச் சொன்னது. ரேஷன் கடை வரிசையில், புருஷனுக்கு முன்னால் ஒருவன்மேல் ஆசை வைத்திருந்ததைச் சொன்னது. வரிசை நகர்ந்தும் பெண்கள் நகரவில்லை. "ஏழரை மணிக்கு வர்றதவிட இது நல்லா கீது, விளம்பரமும் இல்ல" என்றாள் ஒருத்தி. செல்போனில் பிடிக்கப் பார்த்தவர்களுக்குக் காற்றுச் சத்தம் மட்டும் பதிவானது. இரண்டு வாரத்தில் ஊருக்குப் பழகிவிட்டது. குரல் பஸ்ஸில் ஏறினால் கண்டக்டர் டிக்கெட் கேட்பதில்லை.

மற்ற எதைச் சொன்னாலும் இளமதிக்கு வெட்கமாக இருந்ததே தவிர பயம் இல்லை. பயம் எல்லாம் அந்த ஒன்றுக்குத்தான். குரல், அவள் மன்றத்தில் சேர்ந்த நாளிலிருந்து கலயத்தில் சொன்னதையெல்லாம் வருட வரிசையில் சொல்லிக்கொண்டு வந்தது. அது அவள் உள்ளே இருந்தபோது பேசிய குரல் ஆனதால், மன்றத்தில் இருக்கிறவர்களின் காதிலும் விழும். அப்பன் செத்த வருடத்தை அது நெருங்கிய அன்று, அவள் அதன் பின்னாலேயே போனாள். குரல் மாகறல் பஸ்ஸில் ஏறியது, அவளும் ஏறினாள். ஜன்னலோரம் உட்கார்ந்து, இறங்க வேண்டிய இடத்தில் இறங்கி, நேராக நிலத்து வரப்புக்குப் போனது. அவள் முன்னால் ஓடிக் கையை விரித்து மறித்தாள். குரல் அவள் வழியாகவே நடந்துபோய், குனிந்திருந்த ஆண்டாளம்மாளின் அருகில் நின்றது.

"எங்க நைனா செத்தப்ப எனுக்கு அழுவ வரல" என்றது. "கொட்டாயிக்குப் பின்னால போயி கிளிசரின் போட்டுக்கினு வந்து அழுதேன்."

இளமதி இரண்டு காதையும் பொத்திக்கொண்டு வரப்பில் உட்கார்ந்துவிட்டாள். ஆண்டாளம்மாள் நிமிர்ந்தாள். கையில் இருந்த களையை உதறிப் போட்டாள். பிறகு, குரல் வந்த திசையைப் பார்த்து, அடுப்படியில் பேசுவதுபோலப் பேசினாள்.

"அது எனுக்கு அன்னிக்கே தெரியும்டி. உன் மூஞ்சியத் தொடச்ச முந்தானையிலதான் என் கண்ணையும் தொடச்சேன். விடிய விடிய எரிஞ்சிது. எம் பொண்ணுக்கு அழுவ வரலியே, உள்ளாற இன்னா பாடு படுதோன்னு நெனச்சிக்கினே கெடந்தேன்."

குரலுக்கு அது கேட்கவில்லை. கலயத்தில் இருந்தது பேச்சு மட்டும்தான், காது இல்லை. அது அடுத்த விஷயத்தைச் சொல்லத் தொடங்கியது. பொத்திய காதையும் மீறிக் கேட்டவள் வரப்பில் இருந்தவள்.

அதற்குப் பிறகு இரண்டு வருடம் ஆகிறது. குரல் வெள்ளிக்கிழமை தோறும் அந்த நிலத்துக்கு வருகிறது, மற்ற நாளில் ஊர் சுற்றுகிறது. இருக்கிற பேச்சு முழுக்கத் தீர்ந்ததும் மறுபடி முதலிலிருந்து தொடங்கும். மன்றத்தார் கலயத்தைக் கொண்டுவந்து திரும்பப் பிடிக்கப் பார்த்தார்கள், அது உள்ளே போகவில்லை. ஆண்டாளம்மாள் வெள்ளிக்கிழமைச் சாப்பாட்டை வரப்புக்கே எடுத்து வருகிறாள். மன்றத்தை விடவில்லை. "படி ஒண்ணுதான் பாக்கி" என்கிறாள். பாதிச் சோற்றை வாழையிலையில் வைத்துக் குரல் வரும் பக்கம் தள்ளுகிறாள். இளமதி அதை எடுத்துச் சாப்பிடுகிறாள். இலை காலியாவதைப் பார்த்து, காக்கா தின்றுவிட்டதாகத் தாய் சொல்கிறாள்.

சாப்பிட்டதும் ஆண்டாளம்மாள் கேள்வி கேட்பாள். "பாப்பா எப்பிடிடீ கீது?" குரல் அந்த வாரம் எந்த வருடத்தில் இருக்கிறதோ அதைச் சொல்லும். பல் முளைப்பதைச் சொல்லும், இல்லையென்றால் பள்ளிக்கூடத்தில் சேர்த்ததைச் சொல்லும். எட்டு வயதைத் தாண்டாது. பாப்பா பத்து வயதாகி, இளமதியின் தோளளவுக்கு வளர்ந்து, பக்கத்திலேயே நின்றுகொண்டிருக்கும். தான் வளர்ந்ததைச் சொல்ல ஆள் இல்லை என்று அதற்கு ஒரு குறை. கோவிந்தம்மாள் அவ்வப்போது, "பேத்தி உன் வுயரம் வந்துடுச்சிக்கா" என்பாள். "உன் வாய்க்கு வெத்தலை போடு" என்பாள் ஆண்டாளம்மாள்.

இளமதி ஒரு வழி கண்டுபிடித்தாள். டப்பிங் தியேட்டரில், திரையில் வாய் அசைவதற்குச் சரியாகக் குரலைப் பொருத்துவாள். இங்கே அதைத் திருப்பிப் போட்டாள். குரல் நிற்கிற இடத்திலேயே தாயைப் பார்க்க உட்கார்ந்து, அது சொல்வதற்குச் சரியாகத் தன் வாயை அசைத்தாள். அத்தனையும் அவள் சொன்னதுதானே, மனப்பாடமாக இருந்தது. ஒரு மூச்சுக்கூடப் பிசகவில்லை. தூரத்தில் பஸ்ஸிலிருந்து பார்க்கிறவர்களுக்கு ஒரு தாயும் மகளும் வரப்பில் உட்கார்ந்து பேசிக்கொண்டிருப்பதாகத்தான் தெரியும்.

போன வெள்ளிக்கிழமை குரல் மறுபடியும் அப்பன் செத்த இடத்துக்கு வந்தது. இளமதியின் உதடுகள் கூடவே அசைந்தன. கிளிசரின் என்கிற சொல்லில் வாய் கோணியது. பத்து வருடத்துக்குமேல் வற்றிக் கிடந்த கண்ணிலிருந்து நீர் வந்தது. முதலில் ஒரு கண்ணில், பிறகு இரண்டிலும். ஆண்டாளம்மாள் வழக்கம்போல முந்தானையை எடுத்து, குரல் வரும் இடத்தில், முகம் இருக்கக்கூடிய உயரத்தில் காற்றைத் துடைத்தாள். கைக்கு எதுவும் தட்டுப்படவில்லை. துணி மட்டும் நனைந்தது. அவள் அதை விரித்து, வெயிலில் பிடித்துப் பார்த்தாள். ஏழு படி ஏறியவளின் கண் வறண்டுதான் இருந்தது. ஆனாலும் அந்த ஈரத்தை எடுத்து இரண்டு கண்ணிலும் ஒற்றிக்கொண்டு, மூடியபடியே கொஞ்ச நேரம் இருந்தாள்.

"இன்னாக்கா?" என்றாள் கோவிந்தம்மாள்.

"எரியல" என்றாள் ஆண்டாளம்மாள். இலையை மடித்துப் போட்டுவிட்டு, புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, விட்ட இடத்திலிருந்து களை எடுக்க இறங்கினாள்.