பொந்துக்கு முன்னால் இருந்த கிளை

துளசி வந்து சேர்ந்தபோது எண்ணெய் தரும் செம்பனைத் தோட்டத்தின் கடைசியில், காடு தொடங்கும் இடத்தில், ஒரு வேன் நின்றிருந்தது. ஏழெட்டுப் பேர் நீள லென்சுகளை ஒரு மரத்தை நோக்கி நிறுத்தியிருந்தார்கள். நடுவில், அவளோடு படமெடுக்கப் போகும் பிரையன்.

உலு யாம் ஊருக்கு அப்பாலிருந்த இந்த மரத்தைப் பற்றி அவனிடம் மட்டும்தான் சொல்லியிருந்தாள். பொந்துக்குள் ஒரு பெண் கறுப்பு இருவாச்சி வாசலை மண்ணால் பூசி அடைத்துக்கொண்டு அடைகாத்துக்கொண்டிருந்தது. அலகு நீட்ட ஒரு கீறல்தான் மிச்சம். ஆண் வந்து ஊட்டினால் உண்டு, இல்லையென்றால் பட்டினி.

அண்ணாந்து பார்த்தாள். பொந்துக்கு முன்னால் நீட்டிக்கொண்டிருந்த கிளை இல்லை. வெட்டிய இடம் ஈரமாக வெளுத்திருந்தது.

"யாரு வெட்டுனது?"

"நான்தான்க்கா, ஏணி போட்டு," என்றான் பிரையன். "கறுப்புப் பறவை, நெழல்ல எடுத்தா கரிக்கட்டை மாதிரி விழுது. இப்பப் பாருங்க லைட்ட!"

"அதுல உக்காந்துதான்டா ஆண் ஊட்டும்."

"காட்டுல வேற கெளையா இல்ல? டென்சன் ஆகாதீங்க லா."

"வேணும்னா என் ஸ்டூல கட்டி விடுவோம்," என்றார் ஒருவர். எல்லோரும் சிரித்தார்கள்.

 

சிறகுச் சத்தம் கேட்டது. தொண்டை புடைக்கப் பழங்களோடு ஆண் இறங்கியது. கிளை இருந்த இடத்தில் வெறுங்காற்றில் தடுமாறித் திரும்பி, தூரத்து மரத்தில் உட்கார்ந்தது. கேமராக்கள் படபடத்தன. மறுபடி வந்தது, ஆட்களைக் கண்டு விலகியது. கீறலில் பெண்ணின் அலகு நுனி திறந்து மூடியது. ஆள் இல்லாவிட்டால் பொந்தருகே அடிமரத்தைப் பற்றிக்கொண்டாவது ஊட்டிப் பார்க்கும்.

"எல்லாரும் கெளம்புங்க."

"ஒரே ஒரு ஷாட்டுக்கா."

துளசி காருக்குப் போய் ஹாரனை அழுத்தினாள். கையை எடுக்கவில்லை. ஆண் பறவை காட்டுக்குமேல் எழும்பி மறைந்தது.

பிரையன் ஓடி வந்தான். "பைத்தியமா உங்களுக்கு? நீங்களே தொரத்திட்டீங்க! அது பட்டினி கெடந்து செத்தா உங்களாலதான்!"

அந்தச் சொல் அவளைக் குத்தியது. அது முழுப் பொய் இல்லை.

"நீங்க நின்னாலும் சாவும்," என்றாள். "போ."

முணுமுணுத்துக்கொண்டே கேமரா முக்காலிகளை மடித்தார்கள். வேன் போன பிறகும் அவள் அங்கே நிற்க முடியாது. ஓர் ஆள் நின்றாலே அது வராது. தன் கேமரா பையைத் திறக்காமலே வேனுக்குப் பின்னால் ஓட்டி வந்து, தோட்டத்து மண்சாலை தார்ச்சாலையைத் தொடும் இடத்தில் காரைக் குறுக்கே நிறுத்தி வழியை மறித்தாள்.

தார்ச்சாலையில் சற்றுத் தள்ளி நின்ற வேனிலிருந்து பிரையன் தலையை நீட்டினான். "நாங்க போனதும் தனியா போயி எடுப்பீங்க. எனக்குத் தெரியாதா லா?"

வேன் பத்தாங் காலி பக்கம் போனது.

அங்கிருந்து மரம் தெரியாது. ஆண் திரும்பி வந்ததா, அடிமரத்தில் அதன் நகம் பிடித்ததா, எதுவும் தெரியாது. போய்ப் பார்க்க வேண்டும்போல் கால்கள் துடித்தன. ஸ்டீயரிங்கை இறுகப் பிடித்துக்கொண்டாள்.

ஒரு கார் சிக்னல் போட்டு மண்சாலைக்குள் திரும்ப முயன்றது. பின்சீட்டில் நீள லென்சு.

துளசி கதவைத் திறந்து இறங்கினாள்.